அடுத்தவன் பனியன்

ஆயுத பூஜைக்கு மறுநாள் பனியன் வந்து இறங்கிவிடும். திருப்பூருக்குப் பனியன் வருவது ஒரு சேதியா என்று யாரும் சிரிப்பார்கள். ஆனால் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தால் வெள்ளியங்கிரி பிரிக்காமல் அரை நாள் தள்ளிப்போடுவார்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. வீரபாண்டிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையைக் குடோனாக்கி, ஒரு பெரிய கம்பெனிக்கு பார்சல் ரூட் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறார். பதினாலு ஆட்கள், பதினாலு பேட்டரி வண்டி. வருசம் பூராவும் ஓடுவது ஒரு ஓட்டம் என்றால், தீபாவளிக்கு முன்னால் பன்னிரண்டு நாள் ஓடுவது வேறு ஓட்டம். அந்தப் பன்னிரண்டு நாளில் ரூட்டைக் காப்பாற்றினால்தான் அடுத்த வருசமும் ரூட் கையில் இருக்கும்.

அதனால் புரட்டாசி பிறந்ததுமே வேலை தொடங்கிவிடும். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் பார்க்க வேண்டும். பேட்டரி கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். எந்தத் தெருவில் கடிக்கிற நாய், எந்த வீட்டில் மத்தியானம் ஆள் இருக்காது என்று எழுதின நோட்டைத் தூசி தட்ட வேண்டும். அடுக்குமாடி வாட்ச்மேன்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு வேட்டி துண்டு கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் சீசனில் கேட்டைத் திறக்க அவர்களுக்குக் கை வராது. ஆயுத பூஜையன்று பதினாலு வண்டிக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து முடித்தால் மறுநாள் பனியன்.

அந்தப் பனியன் சட்டம் போட்டு வந்தது. சில வருசங்களுக்கு முன்னால் பல ஊர்களில் டெலிவரி ஆட்கள் சீசனில் ஓடி ஓடிச் சரிந்து விழுந்தார்கள். அப்புறம்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஒருத்தன் உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு பார்சல்கூடக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தாங்குகிற அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பனியன். நூலோடு நூலாக மெல்லிய கம்பி ஓடும். அதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் மணல் நிரப்பிய பெட்டிகளைத் தூக்கி ரூட்டில் ஓட வேண்டும். மூச்சு, நாடி, படி ஏறும் வேகம், வியர்வை எல்லாம் கம்பெனிக்குப் போய்விடும். அங்கே கம்ப்யூட்டருக்குள் அந்த ஆளைப் போலவே ஒரு நிழல் உடம்பு தயாராகும். அந்த நிழலை ஆயிரம் தீபாவளிக்கு ஓட விட்டுப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் வரைக்கும் நிழல் விழாமல் நிற்கிறதோ, அதுதான் அந்த ஆளின் அளவு.

நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனி அதில் ஒரு வாலைச் சேர்த்தது. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்தது. ஊர்ப் பேச்சில் இப்போது அது நூறு. அதற்குக் கீழே வந்தால் அந்த ஆளுக்கு சீசனில் வேலை இல்லை. மூணு ஆள் அப்படிப் போனால் ரூட்டே வேறு காண்ட்ராக்டருக்குப் போய்விடும்.

அதற்கு இந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பனியன் மாற்றுவது. கட்டுமஸ்தான ஆள் காலையில் தன் பனியனில் ஓடுவான். மத்தியானம், ஓட முடியாதவர் பனியனை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் ஓடுவான். வெள்ளியங்கிரி மட்டும் இல்லை, ஊரில் எல்லா காண்ட்ராக்டரும் செய்வதுதான். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் குடித்துத் தருகிற மாதிரி ஒரு உதவி.

"ஏனுங்ணா, இந்த வருசமும் மகுடியவே போடச் சொல்லிருவீங்கல்ல?"

அவிநாசியப்பன் கேட்டார். ஐம்பது வயது. ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கட்டிங்குக்கு மெஷின் வந்தபிறகு பார்சலுக்கு வந்தவர். ரூட்டில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. முட்டிதான் பேச்சுக் கேட்காது. அதனால் போன வருசம் அவர் பனியனில் ஓடினது மகுடி என்கிற மகுடீஸ்வரன், குடோனிலேயே கட்டுமஸ்தான ஆள்.

"போன வருசம் அவன் ஓடிக் குடுத்தது நூத்தி அறுவது. நீங்க அத ஓட்டி முடிக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளுச்சு. ஞாபகம் இருக்குதுங்களா?"

வெள்ளியங்கிரி சொன்னார்.

"முட்டிக்கு எண்ணெய் போட்டு ஓட்டிக்கறேனுங். நூறுக்குக் கீழ வந்துட்டா வீட்ல குந்திருக்கோணும். நோம்பி நாளும் அதுவுமா வீட்ல குந்துனா என்ற பொண்டாட்டி சீலைக்கு மடிப்பு எடுக்கச் சொல்லுவாளுங்."

தராசுப் பக்கம் நின்றிருந்த கோகிலவாணி திரும்பினாள். வெள்ளியங்கிரியின் மனைவி. குடோன் உள்ளே நடப்பதெல்லாம் அவள் பொறுப்பு.

"உடம்புக்குத் தாங்காதுன்னு சொல்றதுக்குத்தான பனியனே வந்துது? அதுகிட்டயே பொய் சொன்னா அப்பறம் எதுக்கு அந்தக் கருமம்?"

"நீ சும்மா இரு அம்மிணி. ஊரே பண்ணுது."

"ஊரே கெணத்துல குதிச்சா?"

"மொதல்ல ஊரைக் குதிக்கச் சொல்லு, அப்பறம் பாக்கலாம்" என்றார் வெள்ளியங்கிரி. பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

மகுடீஸ்வரன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். இருபத்தியேழு வயது, கபடி ஆடின உடம்பு, தோள் இரண்டும் மதகு மாதிரி. ஆவணியில்தான் கல்யாணமாகியிருந்தது. தலைநோம்பிக்கு, அதாவது தலை தீபாவளிக்கு, தாராபுரத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே காது சிவக்கும்.

"என்றா மாப்ள, அவிநாசண்ணன் பனியனுக்குள்ள நுழைவியா?"

"நான் நுழைஞ்சுருவனுங்ணா. பனியன் கிழிஞ்சா கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது?"

அளவு நாளன்று காலையில் மகுடி தன் பனியனில் ஓடினான். வெய்யில் ஏறுவதற்குள் மூன்று மணி நேரத்தை முடித்துவிட்டு வந்து ரெண்டு சொம்பு மோர் குடித்தான். மத்தியானம் அவிநாசியப்பன் பெயர் ஒட்டின பனியனைப் போட்டான். அவிநாசியப்பன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "எம் பேரக் காப்பாத்தீரு சாமி" என்றார். அவன் போய்த் திரும்பி வரும்போது உதடு வெளுத்திருந்தது. குடோன் வாசல்படியில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தான். ரெண்டு ஓட்டம் ஓடினவன் உட்காரத்தானே செய்வான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சாயங்காலமே அளவு வந்துவிட்டது. மகுடிக்கு இருநூற்றிப் பத்து. அவிநாசியப்பனுக்கு நூற்றி ஐம்பத்தி ரெண்டு. யாருமே நூறுக்குக் கீழே இல்லை. வெள்ளியங்கிரி கருப்பராயன் படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டார்.

சீசன் தொடங்கி மூணாம் நாள், காலை பத்தரை மணி இருக்கும். வெள்ளியங்கிரியின் போன் ஒருமாதிரி விட்டு விட்டு அலறியது. அப்படி அது அலறி அவர் கேட்டதே இல்லை. எடுத்துப் பார்த்தார். சிவப்பு எழுத்து.

அளவு சாயங்காலமே வந்துவிடும். ஆனால் நாடித் துடிப்பைக் கம்பெனி டாக்டர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுதான் இப்போது வந்திருந்தது. அவிநாசியப்பன், வயது ஐம்பது, இருதயத் துடிப்பில் ஆபத்தான கோளாறு, உடனே நிறுத்தவும், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

அவிநாசியப்பன் வண்டி அங்கேயே, ராயபுரத்தில், தானாக நின்றுவிட்டிருந்தது. வெள்ளியங்கிரி வேனை எடுத்துக்கொண்டு போனபோது மனிதர் வேப்பமரத்தடியில் வண்டியின் மேல் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்ணா. முட்டிதான் வலிக்குது."

"முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல என்ன இருக்குதோ. ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவில் ஒரு லேடி டாக்டர். வயர்களை ஒட்டி, படுக்க வைத்து, நடக்க வைத்து, சைக்கிள் மிதிக்க வைத்து எல்லாம் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் கம்பெனி அனுப்பின தாளையும் தான் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார்.

"இவருக்கு முட்டித் தேய்மானம் இருக்கு. இருதயம் நல்லாத்தான் இருக்கு."

வெள்ளியங்கிரிக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடிதான்.

"ஆனா இந்தத் தாள் இவரோடது இல்ல சார்."

"அப்படிங்களா?"

"இந்த இருதயம் சின்ன வயசு ஆளோடது. நல்லா விளையாடிப் பழகின உடம்பு. மொதல் ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே தெரியல. அதுக்கப்பறம் பாருங்க, இங்க, திடீர்னு நிமிசத்துக்கு இருநூத்தி நாப்பது. அடங்குது. மறுபடி வருது."

"அப்படின்னா என்னங்க டாக்டர்?"

டாக்டர் அவர் சட்டையில் இருந்த பார்சல் கம்பெனி அடையாளத்தைப் பார்த்தார்.

"நீங்க ரூட் பாக்கறவர்தானே? இருதயத்துக்குள்ள கரண்ட் போக ஒரு பெரிய ரோடு இருக்கு. சில பேருக்குப் பொறக்கும்போதே கூடுதலா ஒரு சந்து இருக்கும். சும்மா இருக்கும்போது யாரும் அந்தச் சந்துல போக மாட்டாங்க. ரொம்ப அசந்துபோய், மறுபடி மறுபடி வேகமா ஓடும்போது, கரண்ட் அந்தச் சந்துக்குள்ள பூந்து சுத்த ஆரம்பிச்சிரும். சில நேரம் இருதயமே நின்னுரும். நின்னா நின்னதுதான்."

"நின்னா?"

"ஆள் விழுந்துருவார். பக்கத்துல யாரும் இல்லாட்டி எழுந்திருக்க மாட்டார். யார் சார் அது? இப்ப எங்க இருக்கார்?"

வெளியே பெஞ்சில் அவிநாசியப்பன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி வந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"மகுடியா?"

"மகுடிதான்."

காலையில் அவன் பனியனில் ஓடின தாள் சுத்தமாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு அவன் இருதயம் தன் கள்ளத்தை வெளியே காட்டவில்லை. மத்தியானம் இன்னொருத்தர் பெயரில் ஓடினபோதுதான் காட்டியது. இன்றைக்கு அவன் கையில் இருநூற்றிப் பத்துப் பார்சல்.

வெள்ளியங்கிரி அவனுக்குப் போன் போட்டார். போகவில்லை. சீசனில் டெலிவரி நேரத்தில் ஆட்களின் போனுக்கு வெளிக் கால் எதுவும் போகாது. கவனம் சிதறக் கூடாது என்று கம்பெனி அடைத்து வைத்திருந்தது. எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. முன்பு மாதிரி தெரு வரிசையில் போகிற காலம் இல்லை. அடுத்த பார்சல் எது என்று அந்த நிமிசத்தில்தான் ஆளுக்கே தெரியும்.

கம்பெனி கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டார். சென்னையில் ஒரு பெண் எடுத்தாள். பேர் ஜெசிந்தா என்றாள்.

"எங்க ஆளு ஒருத்தன உடனே நிறுத்தோணுமுங்க. மகுடீஸ்வரன். ஆறாம் நம்பர் வண்டி."

"காரணம் சொல்லுங்க சார். வண்டி திருட்டா, விபத்தா, அளவுச் சந்தேகமா?"

"இதுல எது வெசையா, ஒடனே நிறுத்தும்?"

"என்ன சார் கேக்குறீங்க?" அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பு வந்து, அவர் குரலைக் கேட்டு அடங்கியது. "திருட்டுன்னா போலீஸ் புகார் நம்பர் வேணும். விபத்துன்னா நாங்க கூப்ட்டுப் பேசி உறுதி பண்ணணும். அளவுச் சந்தேகம்னா உடனே நிறுத்தலாம். ஆனா என்ன சந்தேகம்னு நீங்க விவரமா சொல்லணும். எல்லாம் பதிவாகும் சார்."

பனியன் மாற்றினது தெரிந்தால் சீசனுக்கே ரூட்டைப் பிடுங்கலாம் என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பதினாலு குடும்பம். நோம்பிக்கு ஒன்பது நாள். வாட்ச்மேன்களுக்குக் கொடுத்த வேட்டி துண்டுகூட ஞாபகத்துக்கு வந்தது. மனசு இந்த மாதிரி நேரத்தில் எங்கெல்லாமோ போகிறது.

அவிநாசியப்பன் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லீருங்ணா," என்றார் மெதுவாக. "நான் சீலைக்கு மடிப்பு எடுத்துக்கறேன்."

"அம்மிணி, எழுதிக்க," என்றார் வெள்ளியங்கிரி போனில். "என் பேரு வெள்ளியங்கிரி. அளவு நாள்ல அவிநாசியப்பன் பனியன மகுடீஸ்வரன்தான் போட்டு ஓடினான். நான்தான் போடச் சொன்னேன். இன்னிக்கு வந்த சிவப்புத் தாள் அவனோடது. அவன் இப்ப ஓடிட்டு இருக்கறான். நிறுத்து சாமி."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டேன் சார்." ஒரு நொடி. "சார், வண்டி ஏற்கெனவே நின்னுதான் இருக்கு. அவரு வண்டில இல்ல. கொங்கு நகர்ல ஒரு அபார்ட்மென்ட். போன் மேல போய்க்கிட்டு இருக்கு. படியில ஏறுறாரு."

"லிஃப்ட்ல போலாமல்ல?"

"டெலிவரி ஆளுங்க லிஃப்ட்ல வரக் கூடாதுன்னு அந்த அபார்ட்மென்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்க சார். அஞ்சாவது மாடி. கிரைண்டர். பதினாலு கிலோ."

"கூப்புடு அவன!"

"கூப்புடுறேன் சார். அடிக்குது. கையில பெட்டி இருந்தா எப்படி எடுப்பாரு?"

வெள்ளியங்கிரி வேனைக் கிளப்பிவிட்டார். அவிநாசியப்பன் போனைக் காதருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தச் சந்தில் போனால் சிக்னல் இல்லை, எந்தச் சந்தில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் வழி சொல்லச் சொல்ல வேன் பறந்தது.

"லைன்லயே இருங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "பார்சல் வாங்குறவங்க நம்பர் இருக்கு. அவங்களக் கூப்புட எனக்கு அனுமதி கெடையாது." தட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. "கூப்புடுறேன்."

அப்புறம் போனில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நாலு நிமிசத்தில் வெள்ளியங்கிரி தாராபுரத்தைப் பற்றி யோசித்தார். தலைநோம்பிக்கு வாசலில் மாப்பிள்ளைக்காகக் கோலம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற வீட்டைப் பற்றி. அங்கே போய் என்ன சொல்வது என்று.

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் எழுந்து வந்தார். வெள்ளியங்கிரி கொடுத்த துண்டுதான் தோளில் கிடந்தது. ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். வெள்ளியங்கிரி படியில் ஓடினார். ஒன்று, ரெண்டு. ரெண்டாவது மாடியில் அவருக்கே மூச்சு அடைத்தது. மூணாவது மாடித் திருப்பத்தில் யாரோ படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

மகுடி. பக்கத்தில் கிரைண்டர் பெட்டி. மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் கைமுறுக்கு. எதிரே ஒரு வயசான டீச்சரம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"நீங்கதான் இவரோட மொதலாளியா?" என்றார் அந்த அம்மா. "ஒரு பொண்ணு போன் பண்ணி, உங்க கிரைண்டரத் தூக்கிட்டு வர்ற தம்பியப் பாதியிலயே உக்கார வைங்கன்னு அழுகுது. இவர் எழுந்திரிக்கட்டுமான்னு பத்து வாட்டி கேட்டுட்டார். முறுக்கு தீர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்."

"என்னங்ணா, எல்லாரும் என்னய ஒருமாதிரி பாக்கறீங்க?" என்றான் மகுடி. வாயில் முறுக்கு. உதடு வெளுத்துத்தான் இருந்தது.

வெள்ளியங்கிரி அவன் பக்கத்தில் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நெஞ்சு எப்படிரா இருக்குது?"

"கொஞ்சம் குதிக்குதுங்ணா. அது எப்பவுமே வெகு நேரம் ஓடுனா குதிக்கும். உக்காந்து தண்ணி குடிச்சா அடங்கிரும். கபடி ஆடும்போதிருந்தே அப்படித்தான்."

"யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"இதெல்லாம் சொல்றாங்களா? உங்களுக்குந்தான் இப்பக் குதிக்குது."

வெள்ளியங்கிரி சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கீழே இருந்து ஒவ்வொரு படியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்த அவிநாசியப்பன், மகுடியைப் பார்த்ததும் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு, "கருப்பராயா" என்றார்.

மகுடியை லிஃப்டில்தான் இறக்கினார்கள். டீச்சரம்மா கூடவே வந்தார். யாராவது கேட்டால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

டாக்டர் மறுநாளே தொடைவழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு அந்தக் கூடுதல் சந்தை அடைத்துவிட்டார். கத்தி இல்லை, தையல் இல்லை. கண் விழித்ததும் மகுடி கேட்ட முதல் கேள்வி, "தலைநோம்பிக்குப் போலாமுங்களா டாக்டர்?" என்பதுதான்.

"தாராளமாப் போங்க. நல்லா சாப்புடுங்க. கொஞ்ச நாளைக்கு ஓடாதீங்க."

"மாமனார் வீட்டுக்கு எதுக்குங்க ஓடறது? உக்காந்தாவே போதும்."

டாக்டர் வெள்ளியங்கிரியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பண்ணினது பெரிய தப்பு. ஆனா அவர் அன்னிக்கு ஒரே ஒரு ஓட்டம் ஓடிருந்தா இது எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒழுங்கா அளந்திருந்தா அவர் அளவு சரின்னுதான் வந்திருக்கும்."

வெள்ளியங்கிரி அதைக் கேட்டு நிம்மதிப்படவா, பயப்படவா என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ராத்திரி கோகிலவாணியிடம் சொன்னார். அவள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். அப்புறம், "ஒரு ஓட்டத்துல அளந்துபோட்டு பத்து மணி நேரம் ஓடுன்னா, பனியன் மேல குத்தமா, அளக்கறவன் மேல குத்தமா?" என்றாள்.

சிவப்புத் தாள் வந்து நாலாம் நாள் கம்பெனி ஆள் வந்தார். அமுதன் என்று பெயர், கோவை ஆபீசிலிருந்து. சின்ன வயசு, மரியாதையான பேச்சு. வரும்போதே களைத்துப் போயிருந்தார்.

"உங்க வாக்குமூலத்துக்கு அப்பறம் ஊர் பூரா எல்லாத் தாளையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்தோம் சார். ஒரே ஆள் நடை ரெண்டு பேர் தாள்ல இருக்கு. அறுவத்தோரு ஜோடி."

வெள்ளியங்கிரிக்குத் தெரியும். ரெண்டு நாளாக மற்ற காண்ட்ராக்டர்கள் போனில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், "உன்ற ஆளு நெஞ்சு குதிச்சா ஊரே குதிக்கோணுமா?" என்று கேட்டு வைத்தார்.

"ரூட்டப் புடுங்கப் போறீங்களா?" என்றார் நேரடியாக.

"எல்லாரோடதும் புடுங்கினா தீபாவளிக்கு நான்தான் வந்து டெலிவரி பண்ணணும்." அமுதன் நாற்காலியில் சாய்ந்தார். "மறுபடி அளக்கறோம். இந்தத் தடவை ஆள் நின்னு பாப்பாங்க. அவ்வளவுதான் முடிவு."

கோகிலவாணி கையில் ஒரு தாளோடு வந்தாள். சட்டத்தின் நகல். எங்கேயோ தேடிப் பிரிண்ட் போட்டு, ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தாள்.

"ஏனுங் தம்பி, இதுல 'குறைந்தது ஒரு ஓட்டம்'னுதான போட்டிருக்குது? ரெண்டு ஓடக் கூடாதுன்னு எங்கியாவது இருக்குதுங்களா?"

அமுதன் வாங்கிப் படித்தார். ரெண்டு தரம் படித்தார்.

"இல்லைங்க அக்கா."

"அப்ப ரெண்டு ஓடட்டும். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அவங்கவங்க பனியன்ல."

"ரெண்டு ஓடினா எல்லாரோட அளவும் எறங்கும்."

"எறங்கட்டுமுங். ஆளு விழாம இருந்தாப் போதும்."

அமுதன் வெளியே போய் வெகு நேரம் போனில் பேசிவிட்டு வந்தார். ஆகட்டும் என்றார்.

அளவு மறுபடி நடந்தது. ஊர் பூராவும். பார்சல் ஒரு நாள், ரெண்டு நாள் பிந்தும் என்று கம்பெனி எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது. டீச்சரம்மா மாதிரி நாலு பேர் பரவாயில்லை என்று பதில் போட்டார்கள், பாக்கிப் பேர் கவனிக்கவே இல்லை.

அவிநாசியப்பன் காலையில் ஓடினார். மத்தியானம் ஓடினார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் ஒரு பெட்டியைக்கூடத் திருப்பிக்கொண்டு வரவில்லை. சாயங்காலம் அளவு வந்தது. எண்பத்தி எட்டு.

அவர் எண்ணை ஒருதரம் பார்த்துக்கொண்டார். கம்பெனிச் சட்டையைக் கழற்றி, கட்டிங் மாஸ்டர் கை அல்லவா, மடிப்புக் கலையாமல் நாலாக மடித்து மேசையில் வைத்தார்.

"வர்றனுங்ணா. மகுடியக் கேட்டதாச் சொல்லுங்க."

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் அமுதன்.

"நூறு வரலீங்களே."

"நூறா?" அமுதன் தன் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். "நூறுன்னு உங்களுக்கு யார் சொன்னா? குறைந்தபட்சம்னு தனியா ஒரு நம்பர் எங்ககிட்ட கெடையாதுங்க. ஊர்ல எல்லாரோட சராசரி அளவுல முக்கால்வாசி. அதுதான் கணக்கு, வருசா வருசம் மாறும். இன்னிக்கு வந்த அளவுக்குப் பாத்தா எழுவத்தி ஒம்போது."

டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மேசைப் பக்கம் வந்தார்கள்.

வெள்ளியங்கிரி மெதுவாகக் கேட்டார். "நாலு வருசத்துக்கு முன்னாடி எண்பதுதான இருந்துது. அப்பறம் எண்பத்தஞ்சு, தொண்ணூறு, நூறுன்னு ஏறிட்டே வந்துது. கம்பெனிதான ஏத்துச்சு?"

"நாங்க எதையும் ஏத்தலைங்க. வந்ததப் போட்டோம்." அமுதன் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சரிதானான்னு கேட்டும் பாக்கல" என்றார்.

வெள்ளியங்கிரிக்கு அது தலையில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவிநாசியப்பனை நூறுக்கு மேலே தூக்கிவிட மகுடி ஓடின ஒவ்வொரு ஓட்டமும், ஊரில் அறுபத்தோரு மகுடிகள் ஓடின ஓட்டமும் சேர்ந்துதான் அந்த நூறைக் கட்டியிருந்தது. தாண்ட முடியாமல் பயந்து பயந்து ஓடின சுவரை அவர்களே வருசத்துக்கு ஒரு வரிசைக் கல்லாக வைத்து எழுப்பியிருந்தார்கள்.

"நல்லாக் கட்டுனீங்க போங்க," என்றாள் கோகிலவாணி. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதற்காக வெள்ளியங்கிரி அவளுக்கு நோம்பிக்கு ஒரு சேலை கூட எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மேசையில் போன் அடித்தது. தாராபுரத்திலிருந்து மகுடி. பொண்டாட்டியோடு நேற்றே போய்விட்டிருந்தான்.

"அண்ணா, அவிநாசண்ணனுக்கு என்ன வந்துச்சுங்?"

"எண்பத்தி எட்டுடா."

"ஐயையோ. நான் இருந்திருந்தா..."

"நீ இல்லாததுனாலதாண்டா பாஸாயிட்டாரு. வாய மூடிட்டு மாமியா சுடற பணியாரத்தத் தின்னு."

அவிநாசியப்பன் மடித்து வைத்த சட்டையை எடுத்து உதறி மறுபடி மாட்டிக்கொண்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார், தெரியாதவர் மாதிரி.

கோகிலவாணி பனியன்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்கால வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து வைத்துக்கொண்டே வந்தவள், ஒன்றைத் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்ணா, உங்க பனியன் இப்படி நாறுது? போன வருசமெல்லாம் இப்படி இல்லியே."

அவிநாசியப்பன் எட்டி வாங்கி மோந்து பார்த்தார்.

"நாறட்டும் அம்மிணி," என்றார். "இந்தத் தடவ என்ற சொந்த வேர்வ."